யாரையும் பார்க்காத பார்வை

அத்தியாயம் 14

பல் வலியோடு வருகிறவர்கள் சிரிக்க மாட்டார்கள் என்றுதான் அண்ணி இத்தனை நாள் நினைத்திருந்தாள். அந்த நினைப்பிலும் அன்று காலை ஒன்பதே காலுக்கு மண் விழுந்தது.

வலது கன்னம் பன் மாதிரி வீங்கிய இளைஞன் ஒருவன் பல் மருத்துவமனையின் பதிவு மேசைக்கு முன்னால் வந்து நின்றான். பெயர் சொல்ல வாயைத் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மறந்தான். பிறகு கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு சிரித்தான்.

"நீங்க... கோப்பை அண்ணிதானே?"

"வயசு சொல்லுங்க."

"ஐயோ, நீங்களேதான்! ஆபீஸ் குரூப்ல தினமும் உங்க மூஞ்சிலதாங்க முழிக்கிறோம்."

"முழிச்சது போதும். வயசு?"

"இருபத்தாறு. ஆ... ஆ..." வலி சிரிப்பைப் பிடித்து உள்ளே தள்ளியது. அப்படியும் அவன் விடவில்லை. போனை எடுத்து நீட்டினான். திரையில் அவள் இருந்தாள். கையில் தேநீர்க் கோப்பை. பாதி திறந்த வாய். கண்கள் மட்டும் ஓரமாக எங்கேயோ. கீழே கொட்டை எழுத்தில், 'நாம எல்லாரும் ஒரே குடும்பம்னு மேனேஜர் சொல்லும்போது நான்.'

அண்ணிக்குப் புரியவில்லை. இதில் எங்கே சிரிக்க வேண்டும்? மேனேஜரைப் பார்த்தா, அவளைப் பார்த்தா, அவன் தன்னையே பார்த்தா? எதைப் பார்த்து இவன் சிரிக்கிறான்? கேட்டால் அவனுக்கும் தெரிந்திருக்காது.

பதினாறு வருடங்களுக்கு முன்னால் ஒரு தொலைக்காட்சித் தொடரில் மூத்த மருமகளாக அறுநூற்றுச் சொச்சம் நாட்கள் வந்து போனவள் அவள். வீட்டில் யார் என்ன அநியாயம் செய்தாலும் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். சொல்லாமல் விழுங்கிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அதுதான் அந்தப் பாத்திரம். தொடர் முடிந்தது. அடுத்த வாய்ப்பு என்று யாரும் கூப்பிடவில்லை. அவள் மருத்துவமனை வேலையில் சேர்ந்து, நடித்ததையே ஏறக்குறைய மறந்தும் போனாள். ஆறு வருடத்துக்கு முன்னால் எவனோ ஒரு புண்ணியவான் பழைய காட்சி ஒன்றை நிறுத்தி, ஒரு நொடியை மட்டும் வெட்டியெடுத்து உலகத்துக்கு விட்டான். அன்றிலிருந்து தெரு முழுக்க அவள் அண்ணி. அவளைவிடப் பத்து வயது மூத்த பல் மருத்துவருக்கும் அண்ணி. கட்டிய கணவரே ஒருநாள் வாய் தவறி "அண்ணி, சாவி எங்க?" என்று கேட்டுவிட்டு, அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அதெல்லாம் பழகிப்போன விஷயம். பழகாதது போன வாரம் நடந்ததுதான்.

ஸ்டேப்ளர் தேடி மகளின் மேசை இழுப்பறையைத் திறந்தவள் கையில் முந்நூறு பக்கத்துக்கு ஒரு கட்டு அகப்பட்டது. பாப்பாவின் முனைவர் பட்ட ஆய்வு. இருபத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். ஐந்து வருடமாக என்ன படிக்கிறாய் என்று கேட்டால் "மீடியாம்மா" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவாள். அந்தக் கட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அண்ணியின் முகம். தலைப்பு, 'இரவல் வாய்: தொலைக்காட்சிப் பாத்திரங்களின் மீம்களும் பேச்சின் அதிகாரமும்.'

அண்ணி இரண்டு நாள் உட்கார்ந்து படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தது. பொருள் தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது. முந்நூறு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட 'என் அம்மா' என்று இல்லை. 'அந்த நடிகை' என்று இருந்தது. பல இடங்களில் வெறும் 'அது'.

இன்று பதினொரு மணிக்கு அந்த ஆய்வுக்கு வாய்மொழித் தேர்வு. "சும்மா ஒரு சம்பிரதாயம்மா. நீங்க யாரும் வர வேணாம், போர் அடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பாப்பா காலையிலேயே கிளம்பிவிட்டாள்.

அண்ணி அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்தாள். கிளம்பும்போது பெட்டியிலிருந்து முகக்கவசம் இரண்டு எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

பல்கலைக்கழக வாசலில் கணவர் காத்திருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வேலையிலிருந்து நேராக வந்ததால் சட்டைப் பையில் டெஸ்டர் நீட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு எதுக்கு இது?" அவள் நீட்டிய முகக்கவசத்தை வாங்காமல் கேட்டார். "என்னை வச்சு யாரும் மீம் போடலையே."

"நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துப் பாத்தா பாப்பாவுக்குத் தெரிஞ்சுடும்."

"நம்ம பொண்ணு பரீட்சைக்கு நாம ஏன் திருடன் மாதிரி போகணும்? அதை முதல்ல சொல்லு."

அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகள் மேல் கோபமா என்றால் கோபம்தான். கோபம் மட்டுமா என்றால் இல்லை. தன் முகத்தைப் பற்றி முந்நூறு பக்கம் எழுத ஒருத்திக்கு விஷயம் இருக்கிறது என்றால், அது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. கண்ணாடியில் அத்தனை நாள் பார்த்தும் அவளுக்கு அப்படி ஒன்றும் தட்டுப்பட்டதில்லை.

"நாலாவது அத்தியாயத்தைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். ரெண்டாவது பக்கத்துல தூங்கிட்டேன்."

"அந்தப் பார்வை யாரையும் பார்க்கலைன்னு எழுதியிருக்கா. வெறுமையைப் பார்க்குதாம்."

"சரி. அதனால?"

அண்ணி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு படியேறினாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. கணவர் அதன் கதவை ஏக்கமாக ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்னால் வந்தார்.

*

மூன்றாம் மாடியில் ஒரு நீள அறை. நாற்பது நாற்காலி இருக்கும். பாதிக்கு மேல் மாணவர்கள். நான்காவது வரிசையில் ஒரு தூணை ஒட்டி இருவரும் உட்கார்ந்தார்கள். முன்னால் ஒரு மேசைக்குப் பின்னே வழிகாட்டியான தாடிக்காரர். அவர் பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா. நரைத்த குட்டை முடி, சளி பிடித்த குரல். இருமல் மிட்டாயைக் கன்னத்துக்குக் கன்னம் மாற்றிக்கொண்டே இருந்தார்.

பாப்பா திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வீட்டில் துவைத்த துணியை மடிக்கச் சொன்னால் முகம் சுளிக்கிற பெண். இங்கே நின்ற பெண் வேறு யாரோ மாதிரி இருந்தாள். முதுகு நேராக இருந்தது. குரல் நடுங்கவில்லை.

திரையில் அந்தப் படம் வந்தது. அறை சிரித்தது.

"நீங்க இப்ப சிரிச்சீங்க," என்றாள் பாப்பா. "இன்னும் நான் எந்த வாசகமும் போடல. வெறும் முகம்தான். எதுக்குச் சிரிச்சீங்க?"

சிரிப்பு நின்றது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணிக்கு உள்ளுக்குள் சின்னதாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. காலையில் அவளுக்கு எழுந்த அதே கேள்வி!

பெருமை நெடுநேரம் நிற்கவில்லை. பாப்பா அடுத்துப் பேசியது தமிழ்தான். ஆனால் குறி என்றாள், குறிக்கப்படுவது என்றாள், பார்வையின் அரசியல் என்றாள். அண்ணி என்பவர் ஒரு ஆள் இல்லை, ஒரு இடம் என்றாள்.

"இடமா?" கணவர் காதோரம் கிசுகிசுத்தார். "எத்தனை சதுர அடி?"

"சும்மா இருங்க."

நடுநடுவே சில வாக்கியங்கள் பளிச்சென்று வந்து விழுந்தன. "தொடர்ல இந்த மருமகளோட வேலையே பேசாம இருக்கிறதுதான். குடும்பம் உடையாம இருக்கணும்னா அவ வாயைத் திறக்கக் கூடாது. பாக்கறவங்களுக்கும் அதையே பாடமா நடத்தினாங்க. ஆனா மீம் போடறவங்க என்ன பண்றாங்க? அவ வாய் திறந்த அந்த நொடியிலயே அவளை நிறுத்திடறாங்க. விழுங்க விடல. மேலதிகாரிகிட்ட, மாமியார்கிட்ட, வாத்தியார்கிட்ட நேருக்கு நேர் சொல்ல முடியாத ஒரு வார்த்தையை, அந்த வாயை இரவல் வாங்கிச் சொல்லிக்கறாங்க."

அண்ணி தன்னையறியாமல் தலையாட்டினாள். வீங்கிய கன்னத்துக்காரன் நினைவுக்கு வந்தான். பாவம், அவனும் மேனேஜரிடம் ஏதோ சொல்ல நினைத்துச் சொல்லாதவன்தானோ?

"இது நல்லா இருக்குல்ல?" என்றாள் கணவரிடம்.

"இருக்கு. ஆனா நீதான் அதுன்னு ஏன் சொல்ல மாட்டேங்கறா?"

திரையில் நாலாவது அத்தியாயம் வந்தது. படத்தில் கண்கள் மட்டும் பெரிதாக்கப்பட்டிருந்தன. பாப்பாவின் குரல் அங்கே மட்டும் கொஞ்சம் வேகம் பிடித்தது. "இந்தக் கண்கள் யாரையும் பார்க்கல. எதிர்ல ஆள் இருந்தாலும் இந்தக் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு வெறுமை. அதனாலதான் யார் வேணும்னாலும் இதுக்குள்ள தன்னை நிரப்பிக்க முடியுது."

அண்ணியின் கைகள் பையின் வாரை முறுக்கின.

*

அவையில் யாரும் கேள்வி கேட்கலாம் என்றார் தாடிக்காரர். ஒரு மாணவன் ஏதோ கேட்டான். கேள்வியே பத்து நிமிடம் நீண்டது. அடுத்து யார் என்று தாடிக்காரர் பார்த்தபோது, அண்ணிக்குப் பக்கத்தில் ஒரு கை உயர்ந்திருந்தது.

"என்ன பண்றீங்க?" அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கணவர் எழுந்தே விட்டார்.

"வணக்கம். நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். எனக்கு ஒரு சின்ன சந்தேகம்."

பாப்பாவின் முகம் வெளிறியது. அப்பாவைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களையும் பார்த்தாள்.

"இத்தனை பேரு இரவல் வாங்கியிருக்காங்கன்னு சொன்னீங்க. அந்தம்மாவைப் போய் யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? அன்னைக்கு என்னத்தைப் பாத்தீங்கன்னு கேட்டா அவங்களே சொல்லிடுவாங்களே. எதுக்கு முந்நூறு பக்கம்?"

அறை சிரித்தது. தேர்வாளர் அம்மா சிரிக்கவில்லை. மிட்டாயை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் எழுதி வச்சிருக்கிற முதல் கேள்வியே இதுதான். சொல்லுங்க."

"நடிகரோட எண்ணம் இந்த ஆய்வுக்குத் தேவைப்படலைங்க மேடம். படத்துக்குப் பொருள் தர்றது அதைப் பாக்கறவங்கதான். எடுத்தவரும் இல்ல, நடிச்சவரும் இல்ல."

"அது ஒரு கோட்பாடு. நானும் பாடம் எடுத்திருக்கேன். ஆனா நீங்க நாலாவது அத்தியாயத்துல சொல்றது கோட்பாடு இல்ல, தகவல். யாரையும் பார்க்கலைன்னு அடிச்சுச் சொல்றீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொண்ணோட வாயை எல்லாரும் எடுத்துக்கிட்டாங்கன்னு எழுதறீங்க. நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? கண்ணை எடுத்துக்கிட்டீங்க."

பாப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். குடிக்காமல் மூடினாள்.

"தேடினீங்களா அவங்களை?"

"தேடினேன் மேடம்." பாப்பா பாட்டிலை மேசைமேல் வைத்தாள். "அவங்க இப்ப நடிக்கறதில்ல. தொடர்பு... கிடைக்கல."

நான்காவது வரிசையில் அண்ணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இன்று காலை தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டவள் அவள். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொடுத்தவள் அவள். தொடர்பு கிடைக்கவில்லையாம்.

"அப்படின்னா இந்த அத்தியாயம் நிக்காது," என்றார் தேர்வாளர். "இது இல்லாம மொத்த ஆய்வும் நிக்குமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு." பேனாவை எடுத்து எதையோ எழுதத் தொடங்கினார். தாடிக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து வருடம். அந்தப் பேனா நகர்வதை அண்ணி பார்த்தாள். எழுந்தால் மகளின் பொய் அம்பலம். உட்கார்ந்திருந்தால் மகளின் படிப்பு போச்சு. எது சரி என்று யோசிக்க நேரமில்லை, யோசித்தாலும் பிடிபட்டிருக்காது. கால்கள் தாமாக எழுந்தன.

முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"தொடர்பு கிடைச்சாச்சுங்க."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. திரையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். திரும்பவும் திரையைப் பார்த்தார்கள். "டேய், அண்ணிடா!" என்று பின்வரிசையில் ஒரு குரல். ஏழெட்டு போன்கள் மேலே எழும்பின.

"போனைக் கீழே வைங்க," என்றார் தேர்வாளர் அம்மா. சளிக் குரலிலும் அதட்டல் கேட்டது. போன்கள் இறங்கின. "நீங்க எப்படி இங்க?"

"கேள்விப்பட்டு வந்தேன்," என்றாள் அண்ணி. மகள் என்று வாயில் வரவில்லை. பாப்பா சொல்லாததை அவள் எப்படிச் சொல்வது? "அந்தப் பொண்ணு எழுதினது தப்பு இல்லீங்க. பாதி எனக்குப் புரியல. புரிஞ்ச வரைக்கும் நல்லா இருக்கு. ஆனா அந்தக் கண்ணு விஷயம் மட்டும் அப்படி இல்ல."

"யாரைப் பாத்தீங்க?"

பதினாறு வருடம் யாரிடமும் சொல்லாததை நாற்பது பேருக்கு நடுவில் சொல்ல வேண்டியிருந்தது.

"அன்னைக்குப் பதினோராவது டேக். டைரக்டருக்கு எதுவும் பிடிக்கல. கட் சொல்ற வரைக்கும் அசையக் கூடாதுன்னு கத்திட்டாரு. நான் கோப்பையை எடுத்து வாய்கிட்ட கொண்டுபோறேன். கேமராவுக்குப் பின்னால, விளக்குக்கு அந்தப் பக்கம், ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு குழந்தை நிக்குது. பதிமூணு வயசு. அழுதுட்டு நிக்குது. என் முன்னால எரியற விளக்குல வேற ஒண்ணும் தெரியல. அந்த மூஞ்சி மட்டும்தான் தெரிஞ்சுது. நான் பாத்துட்டேன். கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிடல. டேக் முடியட்டும்னு நின்னுட்டேன். கட் சொன்னதும் ஓடிப் பாத்தா, ஆள் இல்ல."

கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இது புதிது.

"வீட்டுக்குப் போய்க் கேட்டேன். வந்தியான்னு. நான் எங்கம்மா வந்தேன், ஸ்கூல்லதானே இருந்தேன்னு சொல்லிடுச்சு. சரி, களைப்புல எனக்குத்தான் அப்படித் தெரிஞ்சுதோன்னு விட்டுட்டேன். நிஜமா வந்துச்சா, என் மனசு பண்ணின வேலையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் படத்தைப் பாத்து எல்லாரும் சிரிக்கறாங்க. நான் ஒவ்வொரு தடவையும் அதைப் பாக்கறப்போ, கேமராவுக்கு இந்தப் பக்கம் யாராவது நிக்கறாங்களான்னுதான் பாக்கறேன்."

சொல்லி முடித்ததும் இனி என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். உட்காரலாமா? யாராவது சொன்னால் தேவலை.

"வந்தேன்."

குரல் திரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. பாப்பாவின் முதுகு இப்போது நேராக இல்லை.

"என்னது?" என்றார் தேர்வாளர்.

"நான்தான் மேடம் அந்தக் குழந்தை. அவங்க எங்கம்மா. தேடினேன், கிடைக்கலைன்னு சொன்னது பொய்."

தேர்வாளர் அம்மாவின் வாய் பாதி திறந்தது. திறந்தபடியே நின்றது. சிரிக்க அத்தனை பொருத்தமான நேரத்தில் அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. தாடிக்காரர்தான் முதலில் சுதாரித்தார். குழு தனியாகப் பேச வேண்டியிருக்கிறது, எல்லாரும் வெளியே இருக்க வேண்டும் என்றார். அவர் குரல் யாருக்கோ இரங்கல் சொல்வதுபோல் இருந்தது.

*

நடைவழியின் கோடியில் ஒரு மர பெஞ்சு. மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அப்பா.

"சரி, எனக்கு யாராவது விளக்கிச் சொல்லுங்க," என்றார் அவர். "இப்ப நீ பாஸா, ஃபெயிலா?"

"தெரியலப்பா."

"நான் கேள்வி கேட்டதால வந்த வினையா?"

"நீங்க கேக்கலைன்னா அவங்க கேட்டிருப்பாங்க."

அண்ணி எழுந்து மகளுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். "ஏண்டி என்னைக் கேக்கல? ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு அஞ்சு வருஷமா என் மூஞ்சியை வச்சு எழுதற. ஒரு தடவை கேட்டிருக்கலாமே."

பாப்பா நகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கேட்டா நீ ஏதாவது ஒண்ணு சொல்லுவ. பாத்தேன்னு சொல்லுவ, இல்ல பாக்கலைன்னு சொல்லுவ. பாத்துட்டும் வரலைன்னா அது ஒரு வலி. பாக்கவே இல்லைன்னா இன்னொரு வலி. படத்துக்கிட்ட கேட்டா அது ஒண்ணும் சொல்லாதுல்ல? அதான் படத்துக்கிட்டயே கேட்டேன்."

"அதுக்கு முந்நூறு பக்கமா?" என்றார் அப்பா.

"அஞ்சு வருஷமா, நீ யாரையும் பாக்கலைன்னு எனக்கு நானே நிரூபிச்சுக்கிட்டேன்மா. எல்லாப் புத்தகமும் அதுக்கு ஒத்தாசை பண்ணுச்சு. யாரையும் பாக்கலைன்னா, என்னை மட்டும் நீ பாக்காம விட்டுட்டன்னு ஆகாதுல்ல?"

அண்ணிக்கு அந்தக் கணக்கு சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் அதைப் போட்ட மனசு எப்படித் தவித்திருக்கும் என்பது பிடிபட்டது. மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ஏன் வரலைன்னு சொன்ன?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"யாரு?"

பாப்பா அப்பாவைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்கற? நான் இல்லப்பா!" அவர் பதறினார். "நான் அந்தப் பக்கமே வந்ததில்ல."

"நீங்க இல்லப்பா." அவள் போனை எடுத்தாள். "அன்னைக்கு நான் தனியா வரலம்மா. இந்தப் படத்தை எல்லாரும் வெட்டித்தான் போடறாங்க, மூஞ்சி மட்டும். தொடரைப் பண்ணின கம்பெனியில கேட்டு முழுப் படத்தை வாங்கினேன், நல்ல தெளிவா. ஆய்வுல இதை நான் சேர்க்கல. இந்தா, பாரு."

அண்ணி போனை வாங்கினாள். அதே கோப்பை, அதே வாய். அவள் தோளுக்குப் பின்னால், இதுவரை எந்த மீமிலும் வராத ஒரு கண்ணாடி அலமாரி. அதன் கதவில், கேமராவுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் மங்கலாகப் பிரதிபலித்திருந்தது. விளக்கு. ஒரு சின்ன உருவம். அந்த உருவத்தின் தோளில் கை வைத்தபடி உயரமாக இன்னொருவர்.

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். முகம் கலங்கியது. ஆனால் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து நிற்கிற அந்த நிற்பு கலங்கவில்லை. அவள் கூடப் பிறந்தவனை அவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

தம்பி. அதே வாரத்தில் ஒருநாள் வீட்டை விட்டுப் போனவன். எங்கே போனான், ஏன் போனான் என்று ஒரு வரி கிடையாது. தேடி அலுத்து, அழுது ஓய்ந்து, இப்போதெல்லாம் வீட்டில் யாரும் அவனைப் பற்றி வாய் திறப்பதே இல்லை.

கணவர் போனை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

"மாமா ஸ்கூலுக்கு வந்து என்னைக் கூட்டிட்டு வந்தாங்கம்மா," என்றாள் பாப்பா. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னாங்க. வழியில என்கிட்ட சொல்லிட்டாங்க. அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன். டேக் முடியவே இல்ல. மாமா வாட்சைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், நானே திரும்பி வந்து அக்காகிட்ட சொல்லிக்கறேன், அதுவரைக்கும் நாம வந்ததையே சொல்லாதேன்னுட்டு..."

நடைவழியின் மறுகோடியில் கதவு திறந்தது. தாடிக்காரர் தலையை நீட்டினார். "உள்ளே வரலாம். முடிவு சொல்லப் போறாங்க. சீக்கிரம், மேடத்துக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

பாப்பா சட்டென்று எழுந்தாள். அவள் கையை அண்ணி விடவில்லை.

"அம்மா, கூப்பிடறாங்க."

"கூப்பிடட்டும்." அண்ணியின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. தாடிக்காரரைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் இருக்கச் சொல்லுங்க சார்," என்றாள். மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"நீ சொல்லு. மாமா என்ன சொன்னான்?"